வாடகை பாக்கி விழுந்தால் முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

2020 ஜூன் 24 அன்று மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள். செல்லூரில் எங்கள் காம்பவுண்டில் ஏழு வீடு. என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் ஜாக்கெட் தைக்கிறேன். இரண்டு பேருக்கும் வேலை இல்லை. வாடகை மூன்று மாதம் நின்றுபோயிருந்தது. இனி ஒரு நோய் வந்து ஊர் முடங்கினாலும் யாரும் தெருவுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்ட முடியாது என்று தெரிந்த அன்றே வீட்டு ஓனரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். அவருக்கும் வாடகைதான் சோறாக இருக்கலாம். கையில் ஐந்நூறு இருந்தால் அதையாவது கொடுத்து, எழுதி வாங்குங்கள். நாங்கள் நாற்பது பக்க நோட்டில் தேதி, கொடுத்தது, பாக்கி, எப்போது தீர்ப்போம் என்று எழுதி, ஓனரம்மாவிடம் ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்து வாங்கினோம். அட்வான்ஸில் கழிக்கச் சம்மதித்ததையும் அதிலேயே ஏற்றினோம்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் நோட்டு இல்லை. அவர் கொடுத்த இரண்டாயிரம் கணக்கிலேயே வரவில்லை. ஒரு ராத்திரி ஓனர் வீட்டு ஆட்கள் வந்து அவர் வீட்டு பீஸ் கேரியரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கரண்ட் இல்லை. கைக்குழந்தைக்கு முறத்தால் விசிறிக்கொண்டே விடிய விடிய வாசப்படியில் உட்கார்ந்திருந்தார்.

பாக்கி இருந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருந்தால் இந்தச் சட்டம் நன்றாகக் கைகொடுக்கும். இல்லையென்றால் இப்போதே ஓனரிடம் பேசிப் பதிவு செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். வாடகை தள்ளுபடி என்று வந்ததை நம்பி நாங்களே ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டோம். 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை போட்ட உத்தரவு, வெளியூர்க்காரர்கள் உட்பட வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக்கூடாது, அவர்களையும் மாணவர்களையும் காலி செய்யச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்றது. வாடகையே தள்ளுபடி என்று அதில் சொல்லவில்லை.

சரி, "நாளைக்கே காலி பண்ணு" என்றால்? சாவியைக் கொடுக்காதீர்கள். காலி செய்ய வைக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். பூட்டை உடைக்க வந்தால் உடனே 100க்குப் போன் போடுங்கள். அப்புறம் 15100ஐக் கூப்பிட்டால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். மனுவோடு நோட்டின் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.