உருக் நகரத்துக் கணக்குப் பலகையைக் களிமண்ணில் செய்வது எப்படி

பள்ளிக் கண்காட்சியில் சுமேரிய நகரம் என்றால் தெர்மாகோலில் சிகுராத் எனும் அடுக்கடுக்கான கோயில் மேடு, அதன் அருகே ஆப்பு எழுத்தில் பிள்ளையின் பெயர் பொறித்த பலகை, கீழே "உருக், கி.மு. 3200" என்று ஒரு சீட்டு. இந்தச் சீட்டு அந்தப் பலகைக்குப் பொருந்தாது. அந்தக் காலத்து உருக்கில் ஆப்பு வடிவம் இன்னும் வரவில்லை. பொருளின் உருவைக் கூர்முனையால் கீறினார்கள், எண்ணை உருண்டைக் குச்சியால் அழுத்தினார்கள். எழுதியதில் பெரும்பகுதி கணக்கு.

தெற்கு இராக்கில் இன்று வர்க்கா எனப்படும் மேடுதான் உருக். கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் முடிவில் அது ஏறத்தாழ 250 ஹெக்டேர் பரப்புள்ள பெருநகரம். ஈயன்னா கோயில் வளாகத்துக்கு வரும் பார்லி, ஆடு, கம்பளி, அங்கிருந்து ஆட்களுக்குப் போகும் உணவுப் படி எல்லாவற்றையும் எந்தக் கணக்குப்பிள்ளையாலும் மனத்தில் வைத்திருக்க முடியாது. எழுத்து அந்தத் தேவையில் பிறந்தது. ஆகவே நாமும் ஒரு ஆட்டுக்கணக்கே செய்வோம்: மூன்று மந்தை, 23, 35, 29. மொத்தம் 87.

மண்ணுக்குச் சென்னையில் கொசப்பேட்டைப் பக்கம் போகலாம். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். பலகைக்கும் ஒத்திகைக்கும் 300 கிராம் போதும். கடையில் விற்கும் எண்ணெய்க் களிமண் வேண்டாம், அது காயவே காயாது. மண்ணை ஓரிரவு ஊறவைத்து, கரைத்து, மாவுச் சல்லடையில் வடிகட்டுங்கள். ஒரு சிறு கல் தங்கினாலும் காயும்போது அதைச் சுற்றித்தான் விரிசல் கிளம்பும். தெளிந்த நீரை இறுத்துவிட்டுத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, சப்பாத்தி மாவுப் பதம் வந்ததும் பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். பென்சில் கனத்தில் திரித்து விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடித்தால் நீர் போதவில்லை. கையில் ஒட்டினால் நீர் அதிகம். காய்ந்தபின் ஒத்திகைத் துண்டு வெடித்தால், பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த நுண்மணல் சேர்த்து மறுபடி பிசையுங்கள்.

7 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், ஒன்றரை செ.மீ. கனம். உள்ளங்கையில் அடங்கும் அளவே அசல் பலகைகளுக்கும் நெருக்கமானது. விளிம்பை உருட்டி விடுங்கள். கூரான விளிம்பு முதலில் காய்ந்து பிளக்கும்.

மண்மேல் உருட்டிப் படம் பதிக்கும் உருளை முத்திரை வேண்டுமானால் அதை முதலில் உருட்டிவிட வேண்டும். எண்களைப் பதித்தபின் உருட்டினால் குழிகள் நசுங்கிவிடும். அசல் உருளை முத்திரைகள் கல்லில் வெட்டியவை. வீட்டுக்குப் பருமனான சாக்பீஸ் நன்றாக உழைக்கும். ஊக்கு முனையால் வரிசையாக ஆடுகளைக் குடைந்து, நிறமில்லா நகப்பூச்சு இரண்டு முறை பூசுங்கள், இல்லையென்றால் ஈரமண்ணில் ஒட்டிக்கொள்ளும். குடைந்தது மண்ணில் மேடாக, இடவலம் மாறி விழும்.

அடுத்து முன்பக்கத்தைக் கோடு கீறி மூன்று கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் எண், பக்கத்தில் ஆட்டின் குறி. ஆட்டுக்குறி எளிது: ஒரு வட்டம், உள்ளே கூட்டல் குறி. மரக்குச்சியின் கூர்முனையால் கீறலாம்.

எண்ணுக்கு இரண்டு உருண்டைக் குச்சிகள். சிறியதற்கு 7 மி.மீ. பென்சிலின் தட்டை முனை, பெரியதற்கு 12 மி.மீ. மார்க்கர் பேனாவின் தட்டையான அடிப்பக்கம். சிறியதைச் சாய்த்து அழுத்தினால் நகம் பதிந்ததுபோல் விழும், அது 1. நேராக அழுத்தினால் வட்டக்குழி, அது 10. பெரியதைச் சாய்த்தால் 60. பெரிய சாய்வுக்குழிக்குள் சிறிய வட்டம் விழுந்தால் 600. பெரிய வட்டம் 3600. 3 மி.மீ. ஆழம் போதும். அறுபது நாழிகை, அறுபது ஆண்டுச் சுழற்சி என்று அறுபதில் எண்ணிப் பழகிய நமக்கு இந்த அடுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இதை ஆடு, மாடு, ஆள் போன்றவற்றுக்கே வையுங்கள். பார்லி அளவைக்கு வேறு அடுக்கு: அதில் சிறிய வட்டம் ஆறு நகக்குறிக்குச் சமம். பார்லிக் கதிரை வரைந்து பக்கத்தில் ஆட்டின் எண்ணைப் போட்டால் கணக்கே மாறிவிடும்.

பின்பக்கம் மொத்தத்துக்கு: ஒரு பெரிய சாய்வுக்குழி, இரண்டு சிறிய வட்டம், ஏழு நகக்குறி, ஆட்டுக்குறி. உடனே திருப்பினால் முன்பக்கம் நசுங்கும். பலகையை ஈரத்துணி மேல் வைத்து மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். மேற்புறம் நகம் பதியாத அளவு இறுகியிருக்கும், அடிப்புறம் இளகியே இருக்கும். பிறகு மடித்த துவாலைமேல் கவிழ்த்துப் பதியுங்கள்.

பலரும் கெடுப்பது உலர்த்துவதில்தான். மின்விசிறிக்கு அடியிலும் மொட்டைமாடி வெயிலிலும் வைத்தால் ஓரம் முந்திக் காய்ந்து சுருங்கும், நடு பிந்தும், பலகை வளைந்து வெடிக்கும். முதல் நாள் செய்தித்தாளில் சுற்றி நிழலில் வைத்து, அடுத்து மரப்பலகையில் வைத்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். எவர்சில்வர் தட்டு கூடாது, அடிப்பக்கம் மூச்சுவிடாது. சென்னை ஆடிக் காற்றில் நான்கு நாள், ஐப்பசி மழையில் ஒரு வாரத்துக்கு மேலும் பிடிக்கலாம். கன்னத்தில் வைத்தால் குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. 7 செ.மீ. பலகை ஆறரையாகச் சுருங்குவது இயல்பு. சுடத் தேவையில்லை, உருக்கில் எழுதியவர்களும் காயவைத்ததோடு விட்டார்கள். அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும்.

காட்சிச் சீட்டில் "உருக், கி.மு. 3200 அளவில், மூன்று மந்தை, 87 ஆடு" என்று எழுதி, இரு பக்கமும் தெரிய முகம் பார்க்கும் கண்ணாடியைப் பின்னால் நிறுத்துங்கள்.