ஜீப் நின்ற இடத்தில் படம் எடுக்காதீர்கள்

போன மாதம், புதிதாகச் சேர்ந்த இருவர் ஒரு நான்குவழிச் சாலைக்கான காட்சித் தாக்க அறிக்கையைக் கொண்டுவந்தார்கள். சாலை வந்தபின் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களின் கண்ணுக்கு எது மறையும், எது புதிதாக முளைக்கும் என்று சொல்லவேண்டிய அறிக்கை. 26 படங்கள். எல்லாமே தார்ரோட்டில் நின்று எடுத்தவை. என் முதல் அறிக்கையையே தூசி தட்டிக் கொடுத்தது மாதிரி இருந்தது. படத்தில் தேதி இல்லை, திசை இல்லை என்பதையெல்லாம் விடுங்கள், அதை யாரும் திருத்திவிடலாம். அப்படித் திருத்திவிட முடியாத தவறுகள் இவை.

ரோட்டிலிருந்து மட்டும் பார்ப்பது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். என் அந்த முதல் அறிக்கைக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் என் படங்களை மாட்டியிருந்தோம். ஒரு அம்மா கிட்டே வந்து பார்த்தார்.

"எங்கே நின்னு எடுத்தீங்க தம்பி?"

"ரோட்டுலதாம்மா."

"எங்க திண்ணையில உட்கார்ந்தா ஏரிக்கரை ஐயனார் குதிரை தெரியும். அது இதுல எங்கே?"

அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணைக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு அண்டர்பாஸ் வருகிறது: ஊர் வழி அடியில், பெரிய சாலை அதன் மேலே. வரைபடத்தில் சின்னக் கட்டம்தான். ஆனால் லாரி நுழைய 5.5 மீட்டர் விடவேண்டும். மேலே தளத்தின் கனம், அதற்கும் மேல் தடுப்புச்சுவர். எட்டு மீட்டரை நெருங்கிவிடும். அந்த உயரத்திலிருந்து 1-க்கு 30 சரிவில் இறங்க, இரு பக்கமும் 200 மீட்டருக்கு மேல் மண் நிரப்பி, ஓரத்தில் கான்கிரீட் பலகை அடுக்குவார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஒரு மேடு. அந்த அம்மாவுக்கு மதில்.

மண்ணுக்குப் பதில் தூண் போட்டுத் திறந்துவிடலாமே என்று எழுதினேன். வடிவமைப்பு முடிந்து மதிப்பீடும் போட்டாயிற்று, இப்போது வந்து சொல்கிறீர்களே என்றார்கள். நியாயம்தான். முதல் வாரமே சொல்லியிருந்தால் நாலு தாளில் முடிந்திருக்கும். மதில் எழும்பிவிட்டது.

அமெரிக்காவின் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி, பார்ப்பவர்களை இரண்டாகப் பிரிக்கிறது: சாலையில் போகிறவர்கள், சாலையைப் பார்த்தபடி வாழ்கிறவர்கள். நம் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில் கட்டடங்களுக்கான 1ஏ படிவம் காட்சி மறையுமா என்று நேராகவே கேட்கிறது. அந்தப் படிவம் நெடுஞ்சாலைக்குக் கிடையாது. கேட்காததை யார் எழுதப்போகிறார்கள்?

வெட்டப்போகும் மரத்தைக் கணக்கில் வைப்பது

சாலையோரப் புளியமரங்கள் எல்லாவற்றையும் மறைத்துக்கொள்ளும் என்று எழுதுகிறார்கள். அகலப்படுத்தும்போது முதலில் சாய்வதே அவைதான். சாலை வந்தபின் எப்படியிருக்கும் என்று காட்டும் 'பின்' படத்திலும் அவை நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதே அறிக்கையின் வேறு பக்கத்தில் வெட்டப்படும் மரங்களின் பட்டியல்!

கார்த்திகையில் மட்டும் போவது

சித்திரையிலும் போங்கள். மழைக்காலப் பச்சை மறைப்பதை வெயில்காலம் காட்டிவிடும்.

ட்ரோன் படம்

ஊரில் யாரும் 100 மீட்டர் உயரத்தில் குடியிருக்கவில்லை.

இரவை மறப்பது

உயரக் கம்பத்து ஹைமாஸ்ட் விளக்கும், வளைவில் திரும்பும் லாரியின் ஹெட்லைட்டும் ஜன்னல் வழியே நேராகப் பாயில் விழும். ஏற்கெனவே அகலப்படுத்திய பக்கத்து ஊரில் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்தால் தெரியும்.

அந்த இருவரையும் திரும்ப அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை ஜீப் கிடையாது, டவுன் பஸ்தான்.