இந்த விசையைக் கொடுப்பது யார்? இயக்கவியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பந்தை நேர் மேலே எறிகிறோம். கையை விட்டுப் போன பந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இப்போது பந்தின் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன?

பல மாணவர்கள் இரண்டு அம்புக்குறி வரைகிறார்கள். கீழ்நோக்கிப் புவியீர்ப்பு விசை, மேல்நோக்கி ‘எறிந்த விசை’. அந்த இரண்டாவது அம்புதான் தவறு. கை பந்தைத் தொட்டுக்கொண்டிருந்த வரைதான் கையின் விசை. விட்ட பிறகு பந்திடம் மிஞ்சுவது திசைவேகம் மட்டுமே. விசையை எந்தப் பொருளும் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. ஒரு பொருள் இன்னொரு பொருளின் மீது செலுத்துவதுதான் விசை. அதனால் அம்பு வரையும் ஒவ்வொரு முறையும் ‘இதைக் கொடுப்பது யார்?’ என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாவிட்டால் அந்த அம்பை அழித்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறுகள் தாமாகவே மறைந்துவிடும்.

அதே பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. திசைவேகம் சுழி, ஆகவே முடுக்கமும் (திசைவேகம் மாறும் வீதமும்) சுழி என்று எழுதிவிடுகிறார்கள். முடுக்கமும் சுழியானால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டுமே! உச்சியிலும் முடுக்கம் கீழ்நோக்கி 9.8 மீ/வி² தான்.

‘நகர்ந்துகொண்டே இருக்க விசை வேண்டும்’ என்ற எண்ணம் இவற்றுக்கெல்லாம் வேர். இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து பல நூற்றாண்டுகள் அறிஞர்களே அப்படித்தான் நினைத்தார்கள். தரையில் எல்லாவற்றையும் உராய்வு நிறுத்திவிடுவதால் அப்படித் தோன்றுகிறது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலத்தைத் தள்ளிக்கொண்டே போக எந்த எஞ்சினும் இல்லை. ஆனாலும் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் அது போய்க்கொண்டிருக்கிறது. விசை தேவைப்படுவது திசைவேகத்தை மாற்றத்தான்.

அடுத்து, நியூட்டனின் மூன்றாம் விதி: ஒவ்வொரு செயலுக்கும் சமமான, எதிர்த்திசையிலான எதிர்ச்செயல் உண்டு. மேசை மேல் ஒரு புத்தகம். அதன் எடையும் (பூமி அதை இழுக்கும் விசை) மேசை அதை மேல்நோக்கித் தாங்கும் செங்குத்து விசையும் செயல்-எதிர்ச்செயல் இணை என்று நன்றாகப் படிப்பவர்கள்கூட எழுதுகிறார்கள். அளவு சமம், திசை எதிர், வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு விசைகளும் ஒரே புத்தகத்தின் மீது செயல்படுகின்றன. இணை விசைகள் எப்போதும் வெவ்வேறு பொருள்களின் மீதுதான் செயல்படும். பூமி புத்தகத்தை இழுக்கிறது, புத்தகம் பூமியை இழுக்கிறது, அதுதான் இணை. சந்தேகம் இருந்தால் மேசையோடு புத்தகத்தை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். லிஃப்ட் மேல்நோக்கி முடுக்கமடையும்போது செங்குத்து விசை கூடும், எடை அப்படியே இருக்கும். உண்மையான இணை ஒருபோதும் இப்படிப் பிரியாது.

உராய்விலும் ஒரு பொறி இருக்கிறது. உராய்வுக் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கிக் கிடைப்பது ஓய்வுநிலை உராய்வின் பெரும மதிப்பு. பெட்டி நகராமல் இருக்கும்போதெல்லாம் அதையே போடக்கூடாது. பெருமம் 60 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 10 நியூட்டனில் தள்ளுகிறீர்கள், பெட்டி அசையவில்லை. சரி, உராய்வு எவ்வளவு? 10 நியூட்டன். 60 என்று எழுதினால் பெட்டி உங்களை நோக்கியே நகர்ந்து வர வேண்டும்!

நிறையும் எடையும் வேறு. 50 கிலோகிராம் என்பது நிறை, பூமியில் அதன் எடை சுமார் 490 நியூட்டன். நிலவில் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது. 1971-இல் அங்கே விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. சுத்தியல் மீது இழுப்பு அதிகம், அதை முடுக்கத் தேவைப்படும் விசையும் அதே அளவுக்கு அதிகம்.

அப்புறம் அலகு. மணிக்கு 72 கிலோமீட்டரில் போகும் கார் 4 விநாடியில் நின்றால், 72-ஐ 4-ஆல் வகுக்காதீர்கள். முதலில் 20 மீ/வி என்று மாற்றுங்கள். விடை 5 மீ/வி², இயக்கத்துக்கு எதிர்த்திசையில். அந்தத் திசையையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.