பிக்கப்பின் முன்பக்கத்தைத் தூக்கப் போகிறீர்களா? ஷாக் அப்சார்பர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலியாக நிற்கும் பிக்கப் ஒன்றைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். பின்பக்கம் தூக்கலாகவும் முன்பக்கம் அமுங்கியும் இருக்கும். பல பிக்கப்களில் இந்தச் சரிவு ஒன்றரை அங்குலத்தில் இருந்து மூன்று அங்குலம் வரை வரும். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வண்டியை மட்டமாக்கினால் பார்க்கவும் நன்றாக இருக்கும், கொஞ்சம் பெரிய டயரும் போடலாம். அதனால்தான் பலர் முன் ஷாக் மாற்றத் தொடங்குகிறார்கள். ஆசையில் தவறே இல்லை. ஆனால் இதில் நடக்கும் தவறுகளில் பாதி, ஷாக் வந்த பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

முதல் தவறு, அந்தச் சரிவைத் தயாரிப்பாளரின் குறைபாடு என்று நினைப்பது. பிக்கப் என்பது லோடு ஏற்றுவதற்காகப் பிறந்த வண்டி. பின்னால் எடை ஏறியதும் லீஃப் ஸ்பிரிங் அமுங்கும், அப்போது வண்டி மட்டத்துக்கு வரும். அந்த அமுக்கத்துக்காகவே விட்டுவைத்த உயரம் அது. நான் முதன்முதலில் செய்தபோது சரிவு முழுவதையும் எடுத்துவிட்டேன். காலி வண்டி கச்சிதமாக நின்றது. லோடு ஏற்றிய அன்று இரவுதான் விஷயம் புரிந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாம் ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் வானம் பார்த்து, ஸ்டியரிங் லேசாகிப் போயிருந்தது. அதில் இருந்து நான் சரிவை முழுதாக எடுப்பதே இல்லை. அரை அங்குலமாவது மிச்சம் வைக்கிறேன். அடிக்கடி லோடு ஏற்றுபவர், டிரெய்லர் இழுப்பவர் என்றால் ஒரு அங்குலம் மிச்சம் இருக்கட்டும்.

ஷாக் வண்டியைத் தூக்காது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஷாக் வாங்கப் போனால், பணம் போகும், ஆனால் உயரம் வராது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை, அந்த ஸ்பிரிங் ஆடுவதை அடக்குவது மட்டுமே. நைட்ரஜன் அழுத்தம் உள்ள மோனோட்யூப் ஷாக்கில் வாயு தண்டை வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதனால் கிடைக்கும் உயரம் சில மில்லிமீட்டர்தான்.

அப்படியானால் 'லெவலிங் ஷாக்' என்று விற்கிறார்களே, அது எப்படி உயர்த்துகிறது? அதன் உடம்பில், ஸ்பிரிங் உட்காரும் தட்டை வைக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். பில்ஸ்டீன் நிறுவனத்தின் 5100 வகையில் ஷாக்கின் உடம்பைச் சுற்றி வரிசையாகக் காடிகள் வெட்டியிருக்கும். சர்க்ளிப் என்ற இரும்பு வளையத்தை எந்தக் காடியில் மாட்டுகிறோமோ அதன்மேல் தட்டு உட்காரும். வண்டியோடு வந்த பழைய ஸ்பிரிங்கே அந்தத் தட்டின்மேல் ஏறும். தட்டு மேலே போனால் ஸ்பிரிங் மேலே போகும், அதோடு சேர்ந்து வண்டியும் மேலே போகும்.

தட்டை உயர்த்தினால் ஸ்பிரிங் இறுகிக் கடினமாகிவிடும் என்று சொல்பவர்கள் அதிகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 10 கிலோ எடை வேண்டும் என்றும், அதன்மேல் 500 கிலோ எடை நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் 50 மி.மீ. அமுங்கும். தட்டை 20 மி.மீ. உயர்த்தினாலும் மேலே இருக்கும் எடை அதே 500 கிலோதான். எனவே வண்டி நிற்கும் நிலையில் ஸ்பிரிங் அதே 50 மி.மீ.தான் அமுங்கியிருக்கும். ஸ்பிரிங்கின் குணம் மாறவில்லை, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

பிறகு ஏன் சில வண்டிகள் லெவல் செய்த பின் பள்ளத்தில் 'டக்'கென்று அடிக்கின்றன? ஷாக்கின் மொத்த நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வண்டி உயர்ந்த அளவுக்கு ஷாக் ஏற்கெனவே நீண்டு நிற்கிறது. சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்க முன்பு 90 மி.மீ. இடம் இருந்தது என்றால், 40 மி.மீ. உயர்த்திய பின் 50 மி.மீ.தான் மிச்சம். சக்கரம் கீழே தொங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு முட்டுகிறது. அந்தச் சத்தம்தான் அது. இதனால்தான் கடைசிக் காடியில் மாட்டு, அதிகபட்ச உயரம் கிடைக்கும் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. காடிகள் பல வண்டிகளுக்கும் எடைகளுக்கும் பொதுவாக வெட்டப்பட்டவை. உங்கள் வண்டிக்குத் தேவையான காடி நடுவில் எங்கோ இருக்கலாம்.

இன்னொன்று, ஸ்ட்ரட்டில் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதி) கொடுக்கும் உயரமும் சக்கரத்தில் கிடைக்கும் உயரமும் ஒன்றல்ல. ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி சக்கரத்தில் மாட்டப்படவில்லை. சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கண்ட்ரோல் ஆர்மின் நடுப்பகுதியில் மாட்டியிருக்கிறது. அங்கே 20 மி.மீ. கொடுத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கில் இருந்து இரண்டு மடங்கு வரை, வண்டிக்கு வண்டி வேறுபட்டுக் கிடைக்கும். இரண்டு அங்குலம் உயர்த்த ஸ்ட்ரட்டின் மேல் வைக்கும் இரண்டு அங்குலக் கட்டையை (ஸ்பேசர்) வாங்கிப் போட்டவர்கள் ஏறக்குறைய நான்கு அங்குலம் ஏறிப்போய் விழிப்பது இதனால்தான்.

உங்கள் வண்டியின் முன்பக்கம் எந்த வகை?

தட்டை நகர்த்தும் ஷாக் எல்லா பிக்கப்புக்கும் பொருந்தாது. ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றியே உட்கார்ந்திருக்கும் காயில்ஓவர் வகைக்குத்தான் அது. டொயோட்டா டகோமா, இப்போதைய ஹைலக்ஸ், ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500 எல்லாம் இந்த வகை. சில்வராடோ 2500 போன்ற கனரக வண்டிகளில் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில், முறுக்கி வேலை செய்யும் டோர்ஷன் பார் என்ற கம்பி இருக்கும். அதில் உயரம் கூட்டுவது அந்தக் கம்பியைத் திருகும் போல்ட், ஷாக் அல்ல. ராம் 2500 நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்னால் ஒரே துண்டாக ஓடும் ஆக்ஸில், தனி ஸ்பிரிங், தனி ஷாக். அங்கே ஸ்பிரிங்கைத்தான் உயர்த்த வேண்டும். கடைசி இரண்டு வகைகளிலும் ஷாக் மாற்றுவது, உயர்ந்த வண்டிக்கு ஏற்ற நீளம் வேண்டும் என்பதற்காக மட்டுமே. வாங்கும் முன் முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து ஒரு நிமிடம் பாருங்கள், எந்த வகை என்று தெரிந்துவிடும்.

அளக்காமல் வாங்குவது

கண்ணை நம்பாதீர்கள். பல பிக்கப்களில் முன், பின் சக்கர வளைவுகளை ஒரே உயரத்தில் வெட்டியிருக்க மாட்டார்கள். பின் வளைவு மேலே இருந்தால் மட்டமான வண்டியும் சரிந்ததுபோலத் தெரியும். எனவே சரிவை அளக்க வளைவை எடுக்காமல் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பை எடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிவிட்டால் சஸ்பென்ஷன் தானாக அமர்ந்துகொள்ளும். அந்த விளிம்பின் முன்முனையிலும் பின்முனையிலும் தரையில் இருந்து உயரம் எடுங்கள். இரண்டு முனைகளுக்கும் நடுவே 1,600 மி.மீ. தூரம், உயர வித்தியாசம் 20 மி.மீ. என்று வைப்போம். சக்கரங்களுக்கு இடையே 3,200 மி.மீ. இருந்தால் உண்மையான சரிவு 40 மி.மீ.

அப்புறம் நான்கு சக்கரங்களிலும் சக்கரத்தின் மையத்தில் இருந்து வளைவின் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். வேலை முடிந்த பிறகு எவ்வளவு உயர்ந்தது என்று சொல்லப் போவது இந்த எண்கள்தான். தரையில் இருந்து அளந்தால் டயர் மாற்றியதும் கணக்கு குழம்பிவிடும். இடது, வலது பக்கங்களுக்குள் சில மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெட்ரோல் டேங்க், பேட்டரி, ஓட்டுநர் என்று எடை எல்லாம் இரு பக்கமும் சமமாகப் பிரிந்திருப்பதில்லை.

அளக்கும்போது வண்டியில் என்ன மாட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். முன்னால் இரும்பு பம்பர், வின்ச் மாட்டும் எண்ணம் இருந்தால், முதலில் அவற்றை மாட்டுங்கள், அல்லது அந்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கையே வாங்குங்கள். காலி மூக்குக்குச் சரியாகப் போட்ட காடி, எடை ஏறியதும் மறுபடி தாழ்ந்துவிடும். அப்போது இன்னும் மேல் காடிக்குப் போவது தீர்வு அல்ல. பில்ஸ்டீன் 6112 போல, ஸ்பிரிங்கோடு சேர்ந்தே வரும் தொகுப்புகள் இருப்பது இதற்கும் உதவும். அதில் பிஸ்டன் 60 மி.மீ., 5100-இல் 46 மி.மீ. கரடுமுரடான பாதையில் நீண்ட நேரம் ஓடினால் ஷாக்குக்குள் எண்ணெய் சூடாகும். பெரிய பிஸ்டனும் அதிக எண்ணெயும் அந்தச் சூட்டைத் தாங்கும். தார் சாலையிலேயே ஓடும் வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை.

ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவது

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதறும். ஏற்கெனவே மேலே ஸ்பேசர் போட்டிருக்கும், அதை எடுக்காமல் உயர்த்தும் ஷாக்கையும் மாட்டிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்தால் சக்கரம் தொங்கும் எல்லை, தயாரிப்பாளர் வைத்த அளவைத் தாண்டிக் கீழே போகும். மேல் கண்ட்ரோல் ஆர்ம் இறங்கி வந்து காயில் ஸ்பிரிங்கில் உரசும், ஆர்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் பால் ஜாயின்ட் அதன் கோணத்தின் கடைசி எல்லையில் முட்டும், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறை மடிப்புகள் ஒன்றோடு ஒன்று தேய்ந்து கிழியும். கிழிந்த உறைக்குள் மண் போனால் அந்த ஜாயின்ட் நீண்ட நாள் தாங்காது. ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள், ஸ்பேசர் அல்லது ஷாக். மாட்டி முடித்து சக்கரம் தொங்கும்போதே மேல் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழையவில்லை என்றால் அந்த உயரம் உங்கள் வண்டிக்கு அதிகம். பிரேக் குழாயும் ஏ.பி.எஸ். வயரும் விறைத்து நிற்கவில்லையா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

மாட்டும்போது

ஸ்பிரிங்கை ஷாக்கில் இருந்து பிரிப்பது, வீட்டில் வாடகைக்கு எடுத்த சிறிய கம்ப்ரசரை வைத்துச் செய்யும் வேலை இல்லை. அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் கையும் முகமும் போகும். சுவரில் பொருத்திய கம்ப்ரசர் உள்ள பட்டறைக்கு ஸ்ட்ரட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பட்டறைகளிலேயே அதிகம் நடக்கும் தவறு வேறு. கீழ் ஆர்மின் புஷ் போல்ட்டை, வண்டி ஜாக்கியில் தூக்கி நின்று சக்கரம் தொங்கும்போதே முழுதாக இறுக்கிவிடுவார்கள். அந்த ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால் அதுவே அதன் இயல்பு நிலையாகிவிடும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியபடி நிற்கும். உயரம் தப்பாகக் காட்டும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். போல்ட்டைக் கையால் மாட்டிவிட்டு, சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும்போது டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கம் கொடுக்கச் சொல்லுங்கள். அருகிலேயே நின்று பாருங்கள்.

அலைன்மென்ட் கட்டாயம். உயரம் மாறியதும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) உடனே மாறும், கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வு) மாறும், பல வண்டிகளில் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும். காஸ்டர் குறைந்தால் நேர்ச் சாலையில் ஸ்டியரிங் அலைபாயும். அலைன்மென்ட் எந்திரம் தரும் தாளைக் கேட்டு வாங்குங்கள். காஸ்டர் தயாரிப்பாளரின் வரம்புக்குள் வரவே இல்லை என்றால், அதற்காகவே வடிவமைத்த மேல் கண்ட்ரோல் ஆர்ம் தேவைப்படலாம். அல்லது ஒரு காடி இறக்கினாலே போதும். நான் இரண்டாவதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஹெட்லைட்டை மறக்கிறவர்கள் ஏராளம். சாதாரணமாக டிம் வெளிச்சம் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 10 செ.மீ. என்ற அளவில் கீழே சாய்ந்திருக்கும். முன்பக்கத்தை மட்டும் 40 மி.மீ. உயர்த்தினால், 3,200 மி.மீ. சக்கர இடைவெளியில் வெளிச்சம் 10 மீட்டருக்கு 12.5 செ.மீ. மேலே போகும். அந்தச் சாய்வு முழுவதும் போய், வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறுகிறது. வேலைக்கு முன் ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, வெளிச்சத்தின் மேல் எல்லையில் டேப் ஒட்டிவையுங்கள். முடிந்த பின் அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வெளிச்சம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும், விளக்கின் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். முன்பக்கக் கண்ணாடியில் கேமரா, முன்னால் ரேடார் உள்ள வண்டியானால் அவற்றையும் மறுபடி அளவுப்படுத்தச் சொல்லுங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள், நான்கு சக்கரங்களிலும் அதே இடத்தில் மறுபடி அளங்கள். முதலில் எழுதிவைத்த தாள் இப்போதுதான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் சர்க்ளிப் காடிக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.