அமெரிக்க வரலாற்று வகுப்பு: மதிப்பெண் கரையும் இடங்கள்

டெக்சஸ் மாநில அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் எதுவானாலும், கம்ப்யூட்டர் சயின்ஸோ நர்சிங்கோ, அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் எடுத்தே ஆக வேண்டும். மாநிலச் சட்டம் அப்படி. ஹிஸ்டரி 1301, 1302 என்ற இரண்டு பாடங்களாகத்தான் பெரும்பாலோர் இதை முடிப்பார்கள். பத்தாம் வகுப்போடு வரலாற்றை மூட்டை கட்டிவிட்டு வந்த நம் பிள்ளைகள், ‘தியரி பேப்பர்தானே, கடைசி வாரம் உருப்போட்டுக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடுகிறார்கள். முதல் மிட்டெர்மில் சி வாங்கிய பிறகுதான் உறைக்கிறது. அந்த வகுப்பில் ஆசிரியர் தேதிகளை ஒப்பிப்பதில்லை, ஒரு வாதத்தை நிறுவிக்கொண்டிருக்கிறார்.

ஸ்லைடில் இருப்பதையெல்லாம் நோட்டில் இறக்குவதுதான் மிகப் பரவலான தவறு. ஸ்லைடு எப்படியும் கல்லூரியின் பாட இணையதளமான கேன்வாஸில் ஏறிவிடும். ஏறாதது, ஒரு ஸ்லைடுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆசிரியர் வாயால் சொல்வது: ‘இதனால்தான் நடந்தது என்று சொல்வார்கள், ஆனால்...’ அந்த ‘ஆனால்’தான் பரீட்சைக் கேள்வி. அன்றைய வகுப்பு எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்பதைப் பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். தாமதமாக வருபவர்கள் இழப்பது அதைத்தான். கேள்வியைப் பக்கத்தின் தலையில் எழுதுங்கள். இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை ஆசிரியரின் வாதத்துக்கு ஒதுக்கி, வலப்பக்கம் சான்றுகளை எழுதுங்கள். 75 நிமிட வகுப்புக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் போனால், கேட்காமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள் என்று பொருள். அன்று இரவே நோட்டை மூடிவைத்து, தலையில் எழுதிய கேள்விக்கு ஐந்து வரியில் பதில் எழுதிப் பாருங்கள்.

அடுத்தது, பரீட்சையில் ‘ஐடி’ என்று வரும் சிறுகேள்வி. ஒரு பெயரோ சட்டமோ கொடுத்து யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் முக்கியம் என்று கேட்பார்கள். முதல் நான்கையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு, மீதி இடத்தைக் கடைசிக் கேள்விக்குக் கொடுக்க வேண்டும். நம்மவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். 1773-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ‘பிரிட்டன் தேயிலைக்குப் புது வரி போட்டது, கோபத்தில் மக்கள் அதைக் கடலில் கொட்டினார்கள்’ என்ற விடை பாதிகூடத் தேறாது. பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி 1767-லேயே போடப்பட்டது. 1773-ஆம் ஆண்டுச் சட்டம் புது வரி எதையும் போடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் முகவர்கள் வழியாக நேரடியாகவே அமெரிக்காவில் விற்கலாம் என்றது. அதனால் தேயிலை விலை குறையவிருந்தது. விலை குறையும்போது ஏன் கோபம்? அங்கேதான் மதிப்பெண் இருக்கிறது. உள்ளூர் வணிகர்களும் கடத்தல்காரர்களும் ஓரங்கட்டப்பட்டார்கள். மலிவான தேயிலையை வாங்கினாலே வரி விதிக்கும் உரிமை லண்டன் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் தண்ணீருக்குள் போனது இதனால்தான். (சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான். தேயிலை மட்டும் அசாமுடையது அல்ல, சீனாவுடையது. அசாமில் தோட்டம் போட்டது அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.)

வடக்கும் தெற்கும் மோதிய 1861–65 உள்நாட்டுப் போருக்கு வந்தால், ‘மாநில உரிமைக்காகத் தெற்கு பிரிந்தது’ என்று எழுதுவது இன்னும் ஒழியவில்லை. மத்திய-மாநிலத் தகராறுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது இயல்பாகவே பொருந்திவிடுவதால் கூடுதல் எச்சரிக்கை தேவை. பிரிந்தவர்களே காரணத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். முதலில் பிரிந்த தென் கரோலினா, 1860 டிசம்பர் 24 அன்று வெளியிட்ட அறிக்கையில் வட மாநிலங்கள் மீதே குற்றம்சாட்டுகிறது: தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்காமல் தங்கள் மாநிலச் சட்டங்களால் தடுக்கின்றனவாம். அதாவது, வடக்கு தன் மாநில உரிமையைப் பயன்படுத்தியதுதான் குறை. மிசிசிப்பியின் அறிக்கை இன்னும் வெளிப்படை. தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. இரண்டும் யேல் சட்டக் கல்லூரியின் அவலான் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். பாடநூலை மேற்கோள் காட்டுவதைவிட இவற்றிலிருந்து ஒரு வரி எடுத்துக்காட்டுவது கட்டுரைக்கு நல்ல வலு.

மூல ஆவணம் படிக்கிறவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1862 ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகை ஆசிரியர் ஹொரஸ் கிரீலிக்கு அதிபர் லிங்கன் எழுதிய கடிதம். ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தை, அதாவது நாடு உடையாமல், காப்பாற்ற முடியுமானால் அப்படியே செய்வேன் என்கிறார் அதில். அந்த வரியை மட்டும் உருவி, ‘லிங்கனுக்கு அடிமைகள் மீது அக்கறையே இல்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். தேதியைப் பாருங்கள். ஜூலை 22 அன்றே, அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் படித்துக்காட்டிவிட்டார்; போர்க்களத்தில் ஒரு வெற்றி வரட்டும் என்று வெளியுறவு அமைச்சர் சீவர்ட் சொன்னதால் காத்திருந்தார். கடிதம் எழுதும்போது வரைவு கையில் தயாராக இருந்தது. கடிதத்தின் கடைசி வாக்கியமோ, இது தன் பதவிக் கடமை பற்றிய கருத்து, எல்லா மனிதரும் எங்கும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற தன் சொந்த விருப்பம் மாறவில்லை என்கிறது. எந்த ஆவணத்தையும் தேதி, யாருக்கு எழுதியது, கடைசிப் பத்தி மூன்றும் பார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ‘1863 ஜனவரி 1-ஆம் தேதி அடிமைமுறை ஒழிந்தது.’ பிரகடனம் கலகத்தில் இருந்த பகுதிகளுக்கு மட்டுமே. ஒன்றியத்திலேயே நீடித்த கென்டக்கி, மிசௌரி, மேரிலாண்டு, டெலவேர் அதில் வராது, டென்னசியும் விலக்கப்பட்டிருந்தது. நாடு முழுக்க ஒழித்தது 1865 டிசம்பரில் நிறைவேறிய, அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம்.

மக்கள்தொகையில் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்காக எண்ணச் சொன்ன அரசியலமைப்பு விதியும் இப்படித்தான் பிழைபடுகிறது; குறைத்து எண்ணச் சொன்னவர்கள் அடிமை முதலாளிகள் என்று எழுதிவிடுகிறார்கள். அடிமைகளை முழுதாகக் கணக்கில் எடுக்கச் சொன்னவர்கள் அடிமை முதலாளிகள். பிரதிநிதிகள் சபையில் கூடுதல் இடம் கிடைக்குமே. 1860-இன் ரிபப்ளிக்கன், டெமாக்ரட் கட்சிகளை இன்றைய கட்சிகளோடு அப்படியே பொருத்துவதும் வேண்டாம்.

பாடம் நடத்துபவர்கள் செய்யும் தவறு ஒன்றுக்கும் மாணவர்தான் விலை கொடுக்கிறார். ஜேம்ஸ்டவுன், பிளிமத் என்று குடியேற்றக் காலத்திலேயே நான்கு வாரம் ஓடிவிட்டால், 1865 முதல் 1877 வரையிலான மறுகட்டமைப்புக் காலம் கடைசி அரை மணியில் அமுக்கப்படும். 1302 ஆசிரியர் அது ஏற்கெனவே நடந்துவிட்டது என்று எண்ணி மேலே போவார். ஆனால் இனப் பிரிவினையை அனுமதித்த 1896-இன் பிளெஸ்ஸி வழக்கும், பள்ளிகளில் அதைத் தடுத்த 1954-இன் பிரவுன் வழக்கும், சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பு தருவதாக அந்தக் காலத்தில் வந்த 14-ஆவது திருத்தத்தின் மேல்தான் நிற்கின்றன. விடுமுறையில் அந்த அத்தியாயத்தை நீங்களே படித்துவிடுங்கள். வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட், உள்நாட்டுப் போர் பற்றி யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய 27 வகுப்புகள் இணையத்தில் இலவசம். கடைசிப் பகுதி மறுகட்டமைப்பு பற்றியது. பரீட்சைக்கு முந்திய இரவு ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பதில் பயனில்லை. எழுத்து வடிவமும் அங்கேயே இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளைக்கு ஒன்றாகக் கேளுங்கள்.