சர்ஃபிங் கத்துக்கும்போது எந்த அலைய எடுக்கணும், எத விடணும்

கோவளம், மகாபலிபுரம் பக்கம் புதுசா போர்டு எடுக்குறவங்க நெறைய பேரு வர்ற அலைக்கெல்லாம் பேடில் (போர்டுல படுத்து கையால தண்ணிய தள்ளுறது) பண்ணிடுறாங்க, கொஞ்ச நேரத்துல கை ஓஞ்சிடுது, நல்ல அலை வரும்போது தோள்ல தெம்பே இருக்காது. அலைய பாத்து எடுக்கக் கத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

எறங்குறதுக்கு முன்னாடி 15 நிமிஷம் கரையில உக்காந்து கடல பாருங்க. சின்னச் சின்னதா வந்துக்கிட்டே இருக்கும், திடீர்னு பெருசா மூணு நாலு சேந்து வரும், அதத்தான் செட்டுனு சொல்றது. அந்தப் பெரிய செட்ட பாத்துட்டுத்தான் எறங்கலாமா வேணாமானு முடிவெடுக்கணும், நடுவுல கடல் சும்மா இருக்குற நேரத்த நம்பி உள்ள போயிடாதீங்க.

அப்புறம் எங்க உடையுதுனு பாருங்க. 3 அடி அலை சுமாரா 4 அடி ஆழத்துல உடையும். தரை மெதுவா சரியிற எடத்துல மேலேர்ந்து நுரை வழிஞ்சுக்கிட்டே நிதானமா வரும், அதுதான் நமக்கு வேணும். மெரினா, பெசன்ட் நகர் மாதிரி கரை சட்டுனு எறங்குற எடத்துல கடைசி வரைக்கும் உடையாம வந்து கரையிலயே தொப்புனு விழும், கழுத்துல அடிபடுறது இங்கதான், அந்த அலை வேணவே வேணாம்.

மொதல்ல நுரை மட்டும் போதும். இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, உடைஞ்சு வெள்ளையா உருண்டு வர்றதுல முட்டி உயரத்துக்கு மேல இருக்குறத எடுங்க, இடுப்பு உயரத்த தாண்டினா விட்டுடுங்க. அதுல தடுமாறாம எழுந்து நிக்க வந்தப்புறம் உடையாத அலைக்குப் போகலாம். அங்க பாக்க வேண்டியது அலையோட மேல் கோடு. ஒரு எடம் மட்டும் உயரமா இருந்து பக்கத்துல சரிஞ்சு எறங்குதுன்னா அந்தச் சரிவு பக்கமா போகலாம், எடுங்க. இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே மட்டமா சுவரு மாதிரி வந்தா மொத்தமா மடிஞ்சு விழப்போகுது, விடுங்க. உங்ககிட்ட வரும்போதே செங்குத்தா நின்னுடுச்சுன்னாலும் லேட்டு.

இன்னொண்ணு, 2 அடிக்கும் 3 அடிக்கும் ஒரு அடிதானேனு நெனைக்காதீங்க, வேகம் அதே மாதிரி இருந்தாலும் சக்தி ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடும். அலை நிலவரம் காட்டுற ஆப்ல உயரத்தோட பீரியடையும் (ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல இருக்குற நேரம்) பாருங்க, ஒரே உயரத்துல 12 செகண்ட் அலை 6 செகண்ட் அலைய விட ரொம்ப பலமா தள்ளும்.

நம்ம கிழக்குக் கரையில விடிகாலை காத்து பெரும்பாலும் தரையிலேர்ந்து கடல் பக்கம் அடிக்கும், அலை வழவழன்னு இருக்கும். வெயில் ஏறி கடல் காத்து வந்துச்சுன்னா எல்லாம் கலைஞ்சிடும், அதனால சீக்கிரமே எறங்குங்க, ஆனா அதே நேரத்துலதான் மீன்புடி போட்டும் கரைக்குத் திரும்பும், அந்த வழியில நிக்காதீங்க.

ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சுக்கிட்டு நடுவுல மட்டும் உடையாம அமைதியா ஒரு பாதை தெரிஞ்சா அது ஈஸியான எடம்னு போயிடாதீங்க, பெரும்பாலும் அது கடலுக்குள்ள இழுக்குற நீரோட்டம், ரிப்புனு சொல்றது. மாட்டிக்கிட்டா போர்ட விடாம புடிச்சுக்கிட்டு, கரைய பாத்து மல்லுக்கட்டாம, பக்கவாட்டுல அலை உடையுற எடத்துக்குப் போங்க.

இலங்கை போறவங்களுக்கு, நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் வெலிகம நல்லா இருக்கும், மணல் தரை. மே டு செப்டம்பர்னா அறுகம்பே, ஆனா அங்க புதுசா கத்துக்குறவங்களுக்கான பேபி பாயின்ட்டோட நிறுத்திக்கோங்க, மெயின் பாயின்ட்ல அடியில பாறை.