செட்டிநாட்டு வீட்டுக்கு அலுமினிய ஜன்னல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு மாடியில், தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் ஜன்னல் ஃபிரேம் மாட்டிக்கொண்டிருந்தார். அதே அறையில் கொத்தனார் சுண்ணாம்புச் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை, படியேறிப் போய் நிறுத்தச் சொன்னேன். 20 வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. அளவு பிசகுவது, கண்ணாடி உடைவதெல்லாம் இரண்டாவது வேலையிலேயே பழகிவிடும். இது அப்படியல்ல.

பூச்சுக்கு முன்னே ஃபிரேம்

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீடு. பின்கட்டுக்கு 14 ஜன்னல், எல்லாம் பிரவுன் அனோடைசிங். மாட்டிவிட்டு வந்தேன், அதற்கப்புறம் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு நடந்தது. தெறித்த சாந்து இரண்டு நாள் செக்‌ஷன்மேல் (ஃபிரேம் செய்கிற அலுமினியச் சட்டம்) அப்படியே கிடந்தது. சுரண்டி எடுத்தால், அடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஈரத்துணிக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினேன். மறைந்தது, நாலாம் நாள் திரும்பவும் தெரிந்தது. "என்னப்பா, புது ஜன்னலுக்குத் தேமல் வந்திருக்கு?" என்றார் ஆச்சி. பதினாலையும் என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன்.

அது கறை இல்லை, அரிப்பு. அனோடைசிங் என்பது அலுமினியத்தின் மேலேயே வளர்க்கிற ஆக்சைடு படலம். நல்ல வேலையில் 15 முதல் 25 மைக்ரான். ஈரச் சுண்ணாம்பும் ஈரச் சிமெண்டும் காரம். காரம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். மாட்டின இடத்திலேயே அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கிற பெயிண்ட்) 60 மைக்ரானுக்கு மேல் இருந்தால் கொஞ்சம் தாங்கும்; அதற்காகச் சாந்தை அதில் காயவிடக் கூடாது.

நம் ஊர்ப் பழைய சுவர்கள் கனமானவை, பூச்சு ஈரம் சீக்கிரம் வற்றாது. அதனால் பூச்சு முடிந்து, காய்ந்து, அதன் பிறகே கடைசி அளவு எடுங்கள். சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒன்றரை மீட்டர் செக்‌ஷன் 40 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 1.4 மி.மீ. நீளும், இறுக்கி மாட்டினால் வளையும். சுவரைத் தொடுகிற பக்கத்துக்குப் பிட்டுமன் பெயிண்ட் (தார் போன்ற கறுப்புப் பூச்சு) ஒரு கோட். பாதுகாப்பு டேப்பை வேலை முடிந்த அன்றே உரித்துவிடுங்கள், வெயிலில் பசை வெந்து ஒட்டிக்கொள்ளும்.

புளிப்பு வாடை அடிக்கிற சிலிக்கான்

ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளியை அடைக்கிற இந்தப் பசை சுண்ணாம்புச் சுவரில் நிற்காது. அந்த வாடை இல்லாத நியூட்ரல் சிலிக்கான் கேளுங்கள்.

இரும்புத் திருகு

ஈரத்தில் இரும்பை ஒட்டியிருக்கிற அலுமினியம் பொரிந்துபோகும். எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) திருகு மட்டும்.

கண்ணால் பார்த்து செக்‌ஷன் வாங்குவது

1 மி.மீ. தகடும் 1.5 மி.மீ. தகடும் வெளியே பார்க்க ஒன்றுதான். செக்‌ஷன் கிலோ கணக்கில் விற்கிற சரக்கு. ஒரு நீளத்தை எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். "விலை குறைச்சல் அண்ணே" என்று கடைக்காரர் சொன்னால், தராசைக் காட்டச் சொல்லுங்கள்.

முகப்புத் தேக்கைப் பிடுங்குவது

வேண்டவே வேண்டாம். பர்மாத் தேக்கு நிலையும் கதவும் நூறு வருஷம் நின்றவை. அலுமினியம் பின்கட்டுக்கும் புது மாடிக்கும் போதும்.

டிராக் துளையை மறப்பது

ஐப்பசி மழை சாய்ந்தடிக்கும்போது ஸ்லைடிங் டிராக் நிறையும். தண்ணீர் வடிகிற வெளிப்பக்கத் துளையைக் கொத்தனார் சாந்து அடைத்திருக்கும். பணம் கொடுக்கும் முன் ஒரு செம்புத் தண்ணீரை டிராக்கில் ஊற்றிப் பாருங்கள். வெளியே ஓட வேண்டும்.